தோழி என்று யார் வாசிக்கச் சொன்னது?

மைக்குக்கு முன்னால் எப்படி மூச்சு விடுவது, லகரத்தையும் ளகரத்தையும் எப்படிப் பிரிப்பது, விளம்பரத்துக்கும் செய்திக்கும் நடுவில் குரலை எப்படி மாற்றுவது என்றெல்லாம் சொல்லித்தர, வானொலி வேலை பழக வந்த உங்களுக்கு இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் அதற்கு வரவில்லை. ரொறொன்ரோத் தமிழ் வானொலியில் என் ஆயுளில் பெரும் பகுதி போய்விட்டது. ஓய்வு எடுத்த பிறகும் எனக்குக் கோபம் ஓயவில்லை. வயது போனால் சாந்தம் வரும் என்கிறார்கள். எனக்கு வரவில்லை, வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன். உங்களுக்குக் கொடுக்க என்னிடம் இருப்பது அந்தக் கோபம்தான், பிள்ளைகளே. கேளுங்கள்.

ஸ்காபரோவில் எங்கள் கடைகளும் கறுப்பினத்தவர்களின் கடைகளும் ஒரே பிளாசாவில், ஒரே சுவரோடு இருக்கின்றன. இந்தப் பக்கம் கொத்துரொட்டி, அந்தப் பக்கம் தலைமுடி பின்னுகிற கடை. கார் நிறுத்த இடம் தேடி ஒருவரோடு ஒருவர் சண்டை பிடிக்கிறோம். ஆனால் எங்கள் வானொலியை நாள் முழுக்கக் கேட்டால் இந்த நகரத்தில் தமிழரும் வெள்ளைக்காரரும் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைப்பீர்கள். அதனால்தான் ‘அயலட்டை’ என்று, அக்கம்பக்கத்தாரோடு கதைக்கிற ஒரு நிகழ்ச்சி செய்ய அனுமதி கேட்டேன். எங்கள் நிர்வாகி, நாங்கள் எல்லோரும் அண்ணை என்று கூப்பிடுகிறவர், உடனே சம்மதித்தார்.

“செய்யுங்கோ தங்கச்சி. எங்களுக்கும் பெருந்தன்மை இருக்கெண்டு சனத்துக்குத் தெரியட்டும்” என்றார்.

பெருந்தன்மையாம்! பக்கத்து வீட்டுக்காரரோடு கதைப்பதற்குப் பெயர் பெருந்தன்மை என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

ஒரு புகைப்படக்காரரோடு கதைத்தேன். வீட்டிலிருந்து துரத்தப்பட்ட இளம் பிள்ளைகளுக்குத் தங்குமிடம் நடத்துகிற ஒருவரோடு கதைத்தேன். இப்படிக் கதைத்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். பலர் தன்பாலினத்தவரை விரும்புகிறவர்கள். நான் அப்படித் தேடிப் போகவில்லை. இந்த நகரத்தில் புதிதாக ஏதாவது செய்கிற ஆட்களைத் தேடிப் போனேன், அவர்கள்தான் அங்கே நின்றார்கள். தங்குமிடம் நடத்துகிறவர் நான் வாய் திறக்கும் முன்பே சொன்னார்: “எல்லோரும் என் காயத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். என் வேலையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.” நான் எழுதி வைத்திருந்த கேள்விகளில் பாதியை அந்த இடத்திலேயே கிழித்தேன். நேர்காணல் செய்யப் போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வைத்திருங்கள்.

மார்சியா வந்தது அதற்குப் பிறகு.

மார்சியாவின் பெற்றோர் ஜமெய்க்காவிலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்து வளர்ந்தது ஸ்காபரோ. கோடைகால ஊர்வலங்களுக்கு இறகும் மணியும் வைத்து உடுப்புத் தைப்பவள். அதோடு ஒரு தையல் கடை. அந்தக் கடையின் பின்னறையில், வீட்டில் இடமில்லாமல் போன பிள்ளைகள் வந்திருந்து தையல் பழகுவார்கள், சாப்பிடுவார்கள், சிலர் சும்மா இருந்து அழுதுவிட்டுப் போவார்கள். எங்கள் பெண்கள் அவளிடம்தான் சாறிச் சட்டை தைக்கக் கொடுப்பார்கள். தோள் பிசகாது, கை இறுகாது. ஊரில் படித்த தையல்காரியிடம் கொடுத்ததைக்கூட அவளிடம் கொண்டுபோய்த் திருத்துவார்கள். ஆனால் எங்கே தைத்தது என்று கேட்டால், “கறுவல் கடையிலை” என்பார்கள். கறுப்பினத்தவரைக் குறிக்க எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் வைத்திருக்கிற சொல் அது. அவர்களுக்கு விளங்காது என்ற தைரியத்தில் வெளியிலும் சொல்வார்கள்.

அவள் எங்கள் நிலையத்துக்கு வந்த அன்று, முன் மேசையில் இருந்த பெடியன் உள்ளே பார்த்துக் கத்தினான்: “அக்கா, உங்களைத் தேடிக் கறுவல் ஒண்டு வந்திருக்கு.”

நான் எழும்பி ஓடிவருவதற்குள் மார்சியா மேசையில் கையூன்றிக்கொண்டு அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். தமிழில். அதுவும் அசல் யாழ்ப்பாணத் தமிழில்.

“தம்பி, கறுவல் எண்டது எனக்கு விளங்குது. அது உம்மடை வாய். உந்த ‘ஒண்டு’ எண்டதுதான் விளங்கேல்லை. நாய் ஒண்டு வரும், பூனை ஒண்டு வரும். நான் ஒராள் எல்லோ?”

பெடியன் எழும்பி நின்றான். “சொறி அன்ரி, சும்மா வாய்தவறி...” என்றான்.

“வாய் தவறேல்லை. வாய் பழகிப்போச்சு” என்றாள் மார்சியா.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. பெயரைச் சொல்லி, வந்திருக்கிறா என்று சொல்ல எத்தனை மணித்தியாலம் பிடிக்கும்? அந்தப் பெடியன் கெட்டவனில்லை. இங்கே பிறந்து, இங்கே படித்து, கறுப்பினப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்தவன். இங்கிலிஷில் அப்படி ஒருபோதும் சொல்ல மாட்டான். தமிழுக்கு வந்தால் மட்டும் எல்லாம் அவிழ்ந்துவிடும். தமிழ் என்றால் கதவு பூட்டிய அறை என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது? நாங்கள்தான், வேறு யார்!

இந்தத் தமிழ் எங்கே படித்தது என்று கேட்டேன். “என்ரை வைஃப் யாழ்ப்பாணம்” என்றாள். “கோபம் வந்தா அவவுக்கு இங்கிலிஷ் வராது. நான் படிச்சுத்தானே ஆகவேணும்.”

மனைவியின் பெயர் தர்சினி. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. தர்சினியின் அம்மா பக்கத்து நகரமான அஜக்ஸில் மகன் கபிலனோடு இருந்தார். மார்சியாவோடு வாழப் போகிறேன் என்று மகள் சொன்ன நாளிலிருந்து அவர் மகளோடு கதைப்பதில்லை. வருடக்கணக்காகக் கதைப்பதில்லை. ஆனால் எங்கள் வானொலி அவருடைய சமையலறையில் விடியக்காலையிலிருந்து பாடிக்கொண்டே இருக்கும்.

இப்போது கவனியுங்கள், இது தொழில். யார் யாரோடு வாழ்கிறார்கள் என்பது உங்களிடம் ஒருவர் நம்பித் தருகிற விஷயம். அதை நீங்களாக ஊருக்கு உடைத்துச் சொல்லவும் கூடாது, நீங்களாக மூடி மறைக்கவும் கூடாது. கேட்க வேண்டும். நான் தர்சினியைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன்.

“மார்சியா நேர்காணலிலை உங்களை வைஃப் எண்டு சொல்லுறா. உங்கட பேரும் வருது. ரேடியோவிலை போகும். அம்மா கேப்பா. பரவாயில்லையோ?”

தர்சினி சொன்னாள்: “அக்கா, அம்மா கேக்கவேணும் எண்டுதான் மார்சியா வாறதே. நான் எடுத்தா அவ ஃபோனை வைச்சிடுவா. ரேடியோவை நிப்பாட்ட மாட்டா.”

ஒரு மகள் தாயின் சமையலறைக்குள் போக இருந்த ஒரே வழி எங்கள் வானொலி. அவர்கள் இருவரும் அதைத்தான் எங்கள் கையில் தந்தார்கள்.

நேர்காணலை மார்சியா இங்கிலிஷில்தான் தந்தாள். “தமிழிலை பகிடி விடுவன், சண்டை பிடிப்பன். மனசிலை இருக்கிறதைச் சொல்ல இன்னும் காணாது” என்றாள். அவளுடைய குரல் பின்னால் மெல்லக் கேட்க, மேலே தமிழ்க் குரல் போக வேண்டும். தமிழ்ப் பிரதியை நான் எழுதினேன். “என் மனைவி தர்சினிதான் எனக்குச் சாறிச் சட்டைக்கு அளவு எடுக்கப் பழக்கினாள்” என்று எழுதினேன். ஒரு அறிவிப்பாளப் பிள்ளை அதை வாசித்துப் பதிவு செய்தது. ஒலிபரப்பான அன்று நான் நாலு-சைபர்-நாலு நெடுஞ்சாலையில் யூனியன்வில் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். காரில் கேட்கிறேன். “என் தோழி தர்சினிதான் எனக்கு...” என்று போகிறது.

தோழி!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசி எழுத்துவரை நான் சரி பார்த்த பிரதி. வந்த வேகத்துக்கு என்னைப் பொலிஸ் பிடிக்காதது அதிசயம். நிலையத்துக்குள் நுழைந்து சப்பாத்தைக் கழற்றாமலே நிர்வாகியின் அறைக்குப் போனேன்.

“அண்ணை, தோழி எண்டு ஆர் வாசிக்கச் சொன்னது?”

“இருங்கோ தங்கச்சி. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?”

“தேத்தண்ணி வேண்டாம். ஆர் சொன்னது?”

“நான்தான். இது குடும்பங்கள் கேக்கிற ரேடியோ. பொம்பிளையும் பொம்பிளையும் எண்டதே ஒரு பிரச்சினை. அதுக்குள்ளை கறுவல் வேறை. அந்தத் தாய் மனுசிக்கு எப்பிடி இருக்கும்? நான் அந்தக் குடும்பத்தின்ரை மானத்தையெல்லோ காப்பாத்தினனான்.”

“அவை உங்களைக் கேட்டவையோ, காப்பாத்தச் சொல்லி?”

“எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருக்கேலாது.”

பாருங்கள்! எங்களைப் பற்றி இங்கத்தைய பத்திரிகை ஒன்று ஒரு சொல்லைப் பிழையாகப் போட்டால் கொடியோடு ரோட்டில் நிற்கிற சனம் நாங்கள். எங்கள் கதையை நாங்கள்தான் சொல்ல வேண்டும் என்று மேடை மேடையாக முழங்குகிறவர் இதே மனிதர். மற்றவர் கதை எங்கள் கைக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். திருத்தம் போடச் சொன்னேன். முடியாது என்றார். கத்தினேன். அவர் தேத்தண்ணியைக் குடித்தார். மார்சியாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு, “வழக்கமா வாயைத்தான் மூடுவினம், அக்கா. நீங்கள் என்ரை குரலை வைச்சுக்கொண்டே வேறை கதை சொல்லிப்போட்டியள்” என்றாள். “நீங்கள்” என்றதில் நானும் இருந்தேன். நான் மறுக்கவில்லை. நிலையத்தின் பெயரில் போனால் எல்லோருக்கும் பங்கு உண்டு.

அந்தக் கிழமையே ஒரு அழைப்பு வந்தது. முன் மேசைப் பெடியன் இல்லை, நான்தான் எடுத்தேன். ஒரு வயதான பெண் குரல்.

“உங்கை ஒரு தையல்காரப் பிள்ளையின்ரை பேட்டி போட்டனீங்கள். தர்சினி எண்டது என்ரை மகள்.”

“சொல்லுங்கோ அம்மா” என்றேன்.

“தோழி எண்டு சொன்னியள். ஏன் பிள்ளை பொய் சொல்லுறியள்? தோழிக்காக ஆரும் பெத்த தாயை விட்டிட்டுப் போவினமோ?”

அவரே தொடர்ந்தார்.

“எனக்கு அது பிடிக்கேல்லை. இப்பவும் பிடிக்கேல்லை. ஆனால் தோழியெண்டா, என்ரை பிள்ளை என்னை ஒரு சின்னக் காரியத்துக்கு விட்டிட்டுப் போனவள் எண்டெல்லோ ஆகுது. அவள் அப்பிடிப்பட்ட பிள்ளையில்லை.”

சொல்லிவிட்டு அழுதார். நிர்வாகி மானத்தைக் காப்பாற்றிய தாய் இவர்தான். அவர் காப்பாற்றிய மானத்தை இவர் எங்கள் முகத்திலேயே எறிந்துவிட்டார். பிரதியில் என்ன எழுதியிருந்தேன் என்பதை நான் சொன்னேன். மகள் எனக்குச் சொன்னதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் ரேடியோவை நிப்பாட்ட மாட்டன் எண்டு சொன்னவளோ?”

“ஓம் அம்மா.”

“அந்தப் பிள்ளை நல்லாத் தைக்குமோ?” என்றார்.

“என்ரை சட்டை எல்லாம் அவதான் தைக்கிறவ.”

“எனக்கும் ஒண்டு இறுகிப்போச்சு” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

மகன் கபிலன் ஒரு பையில் அந்தச் சட்டையைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தான். திருத்திய சட்டையைத் தர்சினியே அஜக்ஸுக்குக் கொண்டுபோனாள். அடுத்த முறை மார்சியாவும் போனாள். உடனே கட்டிப்பிடித்துக் கொஞ்சினார்கள் என்று நினைக்காதீர்கள். மார்சியாவுக்குத் தமிழ் தெரியும் என்று தெரியாமல் அம்மா முதல் நாள் மகனின் மனைவியிடம் அவளைப் பற்றி ஏதோ சொல்ல, மார்சியா தமிழில் பதில் சொல்ல, சமையலறையே இரண்டு பட்டதாம். ஆனால் பிறகு அவர் வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தபோது, தூக்கி இருத்தி, தண்ணீர் அள்ளித் தோய வார்த்து, சீப்பால் தலை இழுத்துவிட்டது மார்சியாதான். “இழுக்காதை பிள்ளை, மெல்ல” என்று பேச்சு வாங்கிக்கொண்டு செய்தாள்.

அந்த அம்மா இறந்தபோது எனக்குக் காலை நிகழ்ச்சி. மரண அறிவித்தல் வாசிப்பது என் வேலை.

உங்களில் சிலர் அந்த வேலையை இளக்காரமாகப் பார்ப்பது எனக்குத் தெரியும். மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் நிலையத்தில் அதைவிடப் பெரிய வேலை கிடையாது. பாட்டுப் போகும்போது சமைப்பார்கள், செய்தி போகும்போது கதைப்பார்கள். மரண அறிவித்தல் போகும்போது மட்டும் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் மாமி என்று வரிசையாக வரும் அந்தப் பெயர்களில் இருந்தால்தான் எங்கள் சனத்துக்கு நீங்கள் உறவு. அதில் இல்லையென்றால், நீங்கள் தோய வார்த்தது, தலை இழுத்தது ஒன்றும் நடக்கவே இல்லை.

என் மேசையில் தாள் இருந்தது. கபிலன் அனுப்பியது. அன்னார் காலஞ்சென்ற செல்லத்துரையின் அன்பு மனைவியும், கபிலன், தர்சினி ஆகியோரின் பாசமிகு தாயாரும், நிலானி, மார்சியா ஆகியோரின் அன்பு மாமியாரும் ஆவார். நிலானி கபிலனின் மனைவி. மார்சியா என்ற பெயரின் குறுக்கே ஒரு பேனைக் கோடு. ‘ஆகியோரின்’ வெட்டப்பட்டு, ‘நிலானியின்’ என்று நிர்வாகியின் கையெழுத்தில் திருத்தியிருந்தது.

விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்தால் நான். கோபத்தில் அப்படியே வெட்டாமல் வாசித்திருக்கலாம். ஆனால் ஒருவேளை குடும்பமே பிறகு மாற்றச் சொல்லியிருந்தால்? செத்த வீட்டில் என் கோபத்தைத் தீர்க்க எனக்கு உரிமையில்லை. விளம்பரத்துக்குப் பின்னால் ஒரு பக்திப் பாட்டை முழுதாக ஓடவிட்டு, கபிலனைக் கூப்பிட்டேன்.

“தம்பி, மன்னியுங்கோ. உங்கட அறிவித்தலிலை மார்சியாவின்ரை பேர் வெட்டியிருக்கு. நீங்கள் வெட்டச் சொன்னனீங்களோ?”

“என்ன? இல்லை அக்கா!” என்றான். “அது அம்மா தானே சொல்லி எழுதினது. ஆஸ்பத்திரியிலை இருந்து பேரெல்லாம் சொன்னவ. மார்சியாவைத்தான் முதல் போடச் சொன்னவ, நான்தான் நிலானி கோவிப்பா எண்டு மாத்தினனான்.”

“தர்சினியும் மார்சியாவும் பக்கத்திலை இருந்தா ஒருக்காக் கேளுங்கோ. நாளைக்குச் சனம் கதைக்கிறதைக் கேக்கப்போறது அவைதான்.”

தொலைபேசி கை மாறியது. மார்சியாவின் குரல் வந்தது.

“வாசியுங்கோ அக்கா. ஆனால் மார்ஷா எண்டு வாசிச்சுப் போடாதேங்கோ. மார்-சி-யா.”

வாசித்தேன். நிலானி, மார்சியா ஆகியோரின் அன்பு மாமியாரும் ஆவார். மார்-சி-யா. லகரம் ளகரம் பழகிய இத்தனை வருடத்தில் இவ்வளவு கவனமாக நான் எந்தப் பெயரையும் வாசித்ததில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிர்வாகி இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றார். மரண அறிவித்தலை நடுவில் நிறுத்த ஒருவருக்கும் துணிவு வராது, அவருக்கும் வரவில்லை.

பிறகு தொலைபேசி ஓயவில்லை. ஏசினவர்கள் இருந்தார்கள். “உங்களுக்கு வெக்கமில்லையோ” என்றவர்களுக்கு, “இல்லை, நீங்கள் ஏன் சும்மா கஷ்டப்படுறியள்” என்றேன். ஒரு ஐயா மிகவும் கவலையோடு கேட்டார்: “மார்சியா எண்டது எந்த ஊர்ப் பிள்ளை?” “ஸ்காபரோ, ஐயா” என்றேன். “அப்ப தெரியாது” என்று வைத்தார்.

செத்த வீட்டுக்குப் போனேன். அம்மா கட்டியிருந்த சாறிக்குச் சட்டை மார்சியா தைத்தது, தோள் பிசகவில்லை. எனக்குப் பின்னால் யாரோ கபிலனிடம் மெல்லக் கேட்டார்கள், “முன்னுக்கு நிக்கிற கறுவல் ஆர்?” கபிலன் குரலைக் குறைக்கவில்லை. “என்ரை மச்சாள்” என்றான். முன் மேசைப் பெடியனும் வந்திருந்தான். மார்சியாவுக்கு முன்னால் போய் நின்றான். அவள்தான் அவனுடைய கையைப் பிடித்தாள்.

அடுத்த நாளே என்னை மரண அறிவித்தலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கோயில் செய்திகள் தந்தார்கள். ‘அயலட்டை’யை நிறுத்தினார்கள். நான் ஓய்வு எடுக்கும்வரை அந்த மனிதர் ஒரு திருத்தம் போடவில்லை, ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைக்கும் மேடையில் எங்கள் கதையை நாங்களே சொல்ல வேண்டும் என்று முழங்குகிறார், நீங்களும் கைதட்டுகிறீர்கள். தட்டாதீர்கள்.

எனக்குக் கலியாணம் ஆகவில்லை, பிள்ளைகள் இல்லை. மார்சியாவோடு சேர்ந்து சாப்பிடாத ஞாயிற்றுக்கிழமை எனக்கு இப்போது அரிது. என் அறிவித்தலும் ஒரு நாள் உங்கள் மேசைக்கு வரும். பெயர் வரிசை நீளமில்லை, நானே சொல்லி வைத்திருக்கிறேன். அதில் மார்சியாவின் தோழி என்று இருக்கும். ஒருவரும் அதற்கு மேலே பேனை வைக்கக் கூடாது. அந்த இடத்தில் அந்தச் சொல் உண்மை.